லிட்டில் பிக் மவுஸ்: பிக்சலை விட்டு மில்லிமீட்டருக்கு

அளவு வேறுபட்ட திரைகளுக்கு நடுவே பாயின்டர் முட்டாமல், தாவாமல் கடக்க உதவும் புரோகிராம்தான் லிட்டில் பிக் மவுஸ். 27 இன்ச் 4கே மானிட்டருக்குப் பக்கத்தில் 24 இன்ச் ஃபுல் ஹெச்டி மானிட்டரை வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். ஒன்று 336 மி.மீ., மற்றது 299. விண்டோஸுக்கோ ஒன்று 2160 பிக்சல், மற்றது 1080, சரிபாதி. டிஸ்பிளே செட்டிங்ஸில் திரைகளைக் குறிக்கும் இரண்டு பெட்டிகளின் மேல்விளிம்பையும் சேர்த்து வைத்தால், 4கே திரையின் கீழ்ப்பாதி ஓரம், கிட்டத்தட்ட 17 செ.மீ., வெறும் சுவர். பாயின்டர் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். மேல்பாதியில் கடந்தாலும் நிம்மதியில்லை. சின்னத் திரையின் நட்டநடுவில், மேலிருந்து 150 மி.மீ. கீழே இருந்த பாயின்டர், பெரிய திரைக்குள் 84 மி.மீ.யில் முளைக்கும். ஆறரை செ.மீ. தாவல்! ஸ்கேலிங்கை 150 சதவீதம் ஆக்கினாலும் எழுத்துதான் பெரிதாகும். திரைகளை அடுக்கும் கணக்கு அசல் பிக்சலிலேயே நடக்கிறது. (மேக்கில் அடுக்கல் ஸ்கேல் செய்த அளவில் நடப்பதால் இந்தத் தொல்லை குறைவு.)

விண்டோஸ் 11-இல் இதற்கென்று ஒரு டிக் பெட்டி உண்டு: சிஸ்டம், டிஸ்பிளே, மல்டிப்பிள் டிஸ்பிளேஸ் என்று போனால் 'ஈஸ் கர்சர் மூவ்மென்ட் பிட்வீன் டிஸ்பிளேஸ்'. சுவரில் முட்டும் பாயின்டரை அது பக்கத்துத் திரைக்குள் தள்ளிவிடும். முட்டல் தீரும், தாவல் தீராது. அது அரை வைத்தியம்தான்.

லிட்டில் பிக் மவுஸ் முழு வைத்தியம் செய்யப் பார்க்கிறது. இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸுக்கு மட்டும். ஒவ்வொரு மானிட்டரும் தன் அகல உயரத்தை இடிஐடி என்ற சிறு தரவுத் துண்டில் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதை வாங்கி, திரைகளை மில்லிமீட்டரில் வரைந்து, பாயின்டர் எந்த உயரத்தில் வெளியேறியதோ அதே உயரத்தில் அடுத்த திரைக்குள் விடுகிறது. நம் ஜோடியில் எதிரே திரையில்லாத இடம் வெறும் 37 மி.மீ.தான்.

அமைப்பதற்கு முன் விண்டோஸிலேயே இடம் வலம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கருவியின் 'சைஸ்' பகுதி காட்டும் அளவை டேப் வைத்துச் சரிபாருங்கள். ஃபிரேமை விட்டுவிட்டு, ஒளிரும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டவே கூடாது. சில டிவிகள் உண்மையான அளவுக்குப் பதில் 16:9 என்ற விகிதத்தையே அளவாக்கி, 1600 × 900 மி.மீ. என்று அடித்துவிடும். அந்த எண்ணை நம்பி அமைத்தால் முன்பிருந்ததைவிட மோசமாகத்தான் தாவும்.

அடுத்தது 'லொக்கேஷன்'. நீளமான ஸ்கேல் ஒன்றை இரண்டு திரைகளுக்கும் குறுக்கே படுக்கை மட்டமாகப் பிடியுங்கள். பாயின்டரை அதன் மேல்விளிம்பில் வைத்து நேராகத் தள்ளுங்கள். மறுபக்கம் விளிம்பை விட்டு 5 மி.மீ. இறங்கி வந்தால், படத்தில் அந்தத் திரையை அதே 5 மி.மீ. கீழே நகர்த்திச் சேமியுங்கள். இரண்டு முறை பார்த்தால் போதும். நடுவிலுள்ள ஃபிரேம் தடிமனுக்காக மெனக்கெட வேண்டாம்; நேராகக் கடக்கும்போது உயரம்தான் கணக்கு.

இனி குறைகள். டாஸ்க் மேனேஜர் போல நிர்வாகி அனுமதியில் ஓடும் விண்டோ முன்னால் வந்தால், இந்தக் கருவி செத்த மாதிரி ஆகி பழைய சுவர் திரும்பிவிடும். கோளாறு கருவியில் இல்லை. சாதாரண அனுமதியில் ஓடும் புரோகிராம், மேல் அனுமதியில் ஓடுவதன் மவுஸ் அசைவைப் பிடிக்க விண்டோஸ் விடாது. கருவியையும் நிர்வாகியாக ஓட்டினால் தீர்ந்தது. தினமும் கேட்காமல் இருக்க டாஸ்க் ஷெட்யூலரில் 'ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' போட்டு லாகின் நேரத்தில் தொடங்க வையுங்கள்.

இன்னொன்று, காரணமே தெரியாமல் நின்றுபோவது. இவ்வகைக் கருவிகள் ஒவ்வொரு மவுஸ் அசைவையும் இடைமறிக்கும் ஹுக்கை நம்பியிருக்கின்றன. சிபியு திணறி ஹுக் நேரத்துக்குப் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் 7 முதல் சத்தமில்லாமல் அதைக் கழற்றிவிடும் வழக்கம் உண்டு. நிறுத்தி மறுபடி இயக்கினால் சரியாகிவிடும். கேம் ஆடும்போது நிறுத்தி வைப்பதே நல்லது.

'அட்ஜஸ்ட் ஸ்பீட்' என்ற தெரிவை அணைத்தே வைக்கலாம். ஆசை நியாயமானதுதான்: 1000 பிக்சல் நகர்ந்தால் ஃபுல் ஹெச்டியில் 277 மி.மீ., 4கேயில் 156 மி.மீ.தான், பெரிய திரையில் மவுஸ் சோம்பலாகத் தெரியும். ஆனால் விண்டோஸின் மவுஸ் வேகத்துக்கு 1 முதல் 20 வரை முழு எண் படிகள்தான். திரை மாறும்போதெல்லாம் அதைத் திருகினால் கை பழகவே பழகாது. போட்டுப் பார்த்துவிட்டுக் கருவியை நீக்கினீர்களானால், மவுஸ் பிராப்பர்ட்டீஸில் வேகம் நடுவில் நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பின்னணியில் மவுஸ் அசைவை இடைமறிக்கும் ஹுக் ஓடுவதே பிடிக்காதவர்களுக்கு பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் கருவித் தொகுப்பு இருக்கிறது. அதில் 'மவுஸ் ஜம்ப்' விண்டோஸ் கீ, ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லாத் திரைகளையும் சின்னப் படமாகக் காட்டும். கிளிக் செய்த இடத்துக்குப் பாயின்டர் போய்விடும். மூன்று திரைக்காரர்களுக்கு இது வரம்.

27 இன்ச், 1440 பிக்சல் உயர மானிட்டரும் 24 இன்ச், 1080 பிக்சல் உயர மானிட்டரும் வைத்திருப்பவர்களுக்கு இது எதுவுமே வேண்டாம். மேசையில் இரண்டு திரைகளின் மையமும் ஒரே உயரத்தில் இருந்தால், டிஸ்பிளே செட்டிங்ஸிலும் பெட்டிகளை மையம் சேர வையுங்கள். ஓரத்தில்கூடத் தாவல் இரண்டரை செ.மீ.யைத் தாண்டாது. மேலும் கீழும் மிஞ்சும் 180 பிக்சல் சுவரை அந்த டிக் பெட்டி பார்த்துக்கொள்ளும்.