ஒரு வயிறு, இரண்டு நாள்: குமரி மாவட்டத்தில் எதைத் தின்பது, எதை விடுவது

சூரிய உதயம், படகுப் பயணம், பாறை, அஸ்தமனம். இடையில் முனையில் கண்ணில் பட்ட ஹோட்டலில் நெய் ரோஸ்ட்டோ வடநாட்டுத் தாலியோ. கன்னியாகுமரிக்கு வந்து போகிறவர்கள் பலருக்கும் இவ்வளவுதான் வாய்க்கிறது. முனையில் இருக்கும் கடைகளைக் குறை சொல்லவும் முடியாது. வங்காளிக்கும் பிடிக்க வேண்டும், குஜராத்திக்கும் பிடிக்க வேண்டும் என்று சமைக்கிற கடைகள் அவை. உள்ளூர்ச் சாப்பாடு வேண்டுமென்றால் கொஞ்சம் மேற்கே நகர வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த மண் இது. கிழக்கே நாஞ்சில் நாட்டு நெல்வயல், மேற்கே மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) ரப்பரும், தெற்கே கடல். இந்த மூன்றும் ஒரே தட்டில் வந்து விழுகின்றன.

இரண்டு நாளில் ஆறு வேளை, நடுவே நாலு சாயா. எல்லாவற்றையும் தின்ன முடியாது என்பதால் எதை எதோடு நிறுத்திப் பார்ப்பது என்று இந்த அலசல்.

எங்கே தங்குவது

முனையில் தங்கினால் காலை உதயம் கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. மார்த்தாண்டத்தில் தங்கினால் புரோட்டாவும் பீஃப் வறுவலும் கிழங்கும் வாசலிலேயே கிடைக்கும், ஆனால் கடலும் நாஞ்சில் நாடும் தூரமாகிவிடும். நாகர்கோவில்தான் தோது. முனைக்கு இருபது கிலோமீட்டர், மார்த்தாண்டத்துக்கு முப்பது. வெளியூரிலிருந்து வருபவர்கள் வடசேரியில் இறங்குவார்கள். மாவட்டத்துக்குள் ஓடும் டவுன் பஸ்கள் பெரும்பாலும் மீனாட்சிபுரத்தில் இருக்கும் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும். உதயம் பார்த்தே தீர வேண்டுமென்றால் ஒரு நாள் இருட்டோடு எழுந்து பஸ் ஏறுங்கள். திரும்பி வந்து நாகர்கோவிலில் புட்டும் பயறும் பப்படமும் தின்னலாம்.

இலைச் சாப்பாடா, கிழங்கும் மீனுமா

நாஞ்சில் நாட்டு இலைச் சாப்பாட்டின் பெயர் பெரிது. அவியல், எரிசேரி, ஓலன், துவரன், இஞ்சிக்கறி, நார்த்தங்காய்ப் பச்சடி, மேலே ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய்ச் சிப்ஸ். முதலில் பருப்பும் நெய்யும் பப்படமும், அடுத்து சாம்பார். பாயசம் கடைசியில் வராது, நடுவிலேயே வந்துவிடும். அதற்குப் பிறகுதான் புளிசேரி, ரசம், மோர். அடைப்பிரதமனை இலையிலேயே ஊற்றி, ஒரு மட்டி வாழைப்பழமும் ஒரு பப்படமும் போட்டுப் பிசைந்து வழித்துத் தின்பது இங்கத்திய முறை. ஸ்பூன் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சாப்பாடு நன்றாக இருப்பது கல்யாண வீட்டில். அவியலில் தண்ணீர் ஊற்றாமல், காய் விட்ட நீரிலேயே வேகவைத்து, தேங்காய்–சீரகம்–பச்சை மிளகாயைக் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து, இறக்கிய பிறகு பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடிவைக்க வேண்டும். புளிப்புக்கு மாங்காயோ தயிரோ. ஹோட்டலில் என்ன நடக்கிறது? இருநூறு பேருக்கு ஓட வேண்டும் என்று குழம்பு போல நீட்டிவிடுகிறார்கள், சேனையும் வாழைக்காயும் குறைந்து கேரட்டும் பீன்ஸும் ஏறிவிடுகின்றன. தேங்காயெண்ணெய் வாசம் வராத அவியல் வந்தால் மற்ற தொடுகறிகளும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிழங்கும் மீனும் அப்படியல்ல. அது தினசரிச் சாப்பாடு. சாலையோரத்தில் நாலு பெஞ்சு போட்ட கடையிலும் ஒழுங்காகச் செய்வார்கள். மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பஞ்சத்துக்கு வந்த கிழங்கு பந்திக்கும் வந்துவிட்டது.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் நல்ல தட்டையும் மோசமான தட்டையும் பார்த்தவுடன் பிரித்துவிடலாம். கிழங்கின் மேல்தோலோடு அதற்கு அடியில் இருக்கும் தடித்த ரோஸ் நிறத் தோலையும் உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைக்க வேண்டும். வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள். கிழங்கில் சயனைடு உண்டாக்கும் சத்து இருக்கிறது. அது தண்ணீரிலும் ஆவியிலும் போய்விடவே இந்த ஏற்பாடு. வாயில் கசப்புத் தட்டினால் அந்தத் தட்டை அப்படியே தள்ளிவிடுங்கள். வெந்ததும் உப்பு, பிறகு ஒரு கிலோ கிழங்குக்கு ஒரு மூடித் தேங்காய், நாலு பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம், நாலைந்து சின்ன வெங்காயம், கொஞ்சம் மஞ்சள் ஆகியவற்றைச் சதைத்துச் சேர்த்து, மரக்கரண்டியால் அழுத்திக் கிளறுவார்கள். பாதி மசிந்து பாதி கட்டியாக நிற்க வேண்டும். பறித்து இரண்டு மூன்று நாள் ஆன கிழங்கில் நீலக் கோடு ஓடியிருக்கும். முற்றிய கிழங்கானால் நடுவில் நார் விறைத்து நிற்கும், எவ்வளவு வேகவைத்தாலும் மாவாகாது.

கூட வரும் மீன்கறியில்தான் உண்மையான போட்டி. தேங்காயும் வற்றல் மிளகாயும் மல்லியும் பச்சையாக அரைத்து ஊற்றிய குழம்பு ஒன்று. அதே சாமான்களைத் தேங்காய் கருஞ்சிவப்பாகும் வரை வறுத்து அரைத்த தீயல் ஒன்று. நெத்திலியில் மாங்காய் போட்டு, தேங்காய்–பச்சை மிளகாய்–சீரகம் அரைத்துப் புரட்டி, பச்சைத் தேங்காயெண்ணெய் விட்ட அவியல் ஒன்று. கிழங்குக்குச் சாளைக் (மத்தி) குழம்பை மிஞ்ச எதுவுமில்லை. சாளையின் கொழுப்பைக் கிழங்கு இழுத்துக்கொள்ளும். சோற்றுக்கு என்றால் நெத்திலி அவியல். நெய்மீன் (வஞ்சிரம்) வறுவலுக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம். நெய்மீன் எல்லா ஊரிலும் கிடைக்கும், அன்று வந்த சாளையும் அயிலையும் (கானாங்கெளுத்தி) எல்லா ஊரிலும் கிடைக்காது. உட்காரும் முன் “இன்னைக்கு என்ன மீன்?” என்று கேளுங்கள். ஒரே ஒரு பெயர் சொன்னால் நல்ல கடை. எட்டு வகை ஒப்பித்தால் ஐஸ் பெட்டி பேசுகிறது.

மாதமும் முக்கியம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இந்த மாவட்டத்தில் இரண்டாகப் பிரிந்து வருகிறது. சின்னமுட்டம் இருக்கும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் இருக்கும் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகவே மே மாதம் வந்தால் குளச்சல் பக்கம் போங்கள், ஜூலையில் வந்தால் சின்னமுட்டம் மீனைக் கேளுங்கள். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு போகாது. வள்ளத்திலும் கட்டுமரத்திலும் வரும் மீன்தான், கடல் பொங்கினால் அதுவும் குறையும். அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் இலைச் சாப்பாட்டின் பக்கம் சாய்வது புத்திசாலித்தனம். கல்யாண அழைப்பு இருந்தாலும் அப்படியே. மற்ற நாளெல்லாம் கிழங்கும் மீனும்தான்.

அக்கானியா, இளநீரா

பதநீருக்கு இந்தப் பக்கம் அக்கானி என்று பெயர். இளநீர் எப்போதும் கிடைக்கும். அக்கானிக்குப் பருவம் உண்டு, நேரமும் உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் வந்தால் இளநீரை மறந்துவிட்டு அக்கானியைத் தேடுங்கள். பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது புளிக்காமல் இறங்குகிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பும் நுரையும் வரும், கூடினால் நாக்கு காறும். காலை ஒன்பதுக்குள் குடித்துவிட வேண்டும். பதினொரு மணிக்குச் சாலையோரப் பானையில் தளும்பத் தளும்ப இருப்பதை நம்ப வேண்டாம்; சாக்கரினும் சுண்ணாம்புத் தண்ணீரும் கலந்து விற்பதும் உண்டு. குடித்த பிறகும் தொண்டையில் தித்திப்பு விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது சாக்கரின். ஓலைப் பட்டையில் ஊற்றித் தந்தால் ஓலை வாசத்தோடு குடிக்கலாம், நுங்கு வெட்டிப் போட்டால் இன்னும் நல்லது.

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது கள். தமிழ்நாட்டில் அதற்குத் தடை. களியக்காவிளை தாண்டினால் கேரளம், அங்கே சட்டம் வேறு.

மட்டியா, செவ்வாழையா

இதில் தயங்க வேண்டியதில்லை. செவ்வாழை சென்னையிலும் கிடைக்கும். மட்டி கிடைத்தாலும் அது மட்டியாக இருக்காது. தோல் காகிதம் போல மெல்லியது. பழுத்தால் சீப்பிலிருந்து உதிரும், பஸ்ஸில் ஒரு குலுக்கலில் கறுத்துவிடும். அதனால்தான் அது ஊரை விட்டு அதிகம் போகவில்லை. விரல் நீளம், லேசான வளைவு, நுனியில் மூக்குப் போல நீண்ட கூர். இங்கே கைக்குழந்தைக்கு முதலில் கொடுக்கும் பழமும் இதுதான். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாலைந்து பழம் வாங்கி அங்கேயே தின்றுவிடுங்கள், பைக்குள் வைக்காதீர்கள்.

ஏத்தன் வேறு கணக்கு. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்ததைப் புட்டோடு அவித்துத் தின்பது காலைக்கு. மாவில் முக்கிப் பொரித்த பழ பஜ்ஜி மாலைக்கு.

மாலை நாலு மணிக்குப் பழ பஜ்ஜியோடு மோதுவது ரசவடை. சுடச்சுடப் பொரித்த பருப்பு வடையைச் சுடு ரசத்தில் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஆறிய வடையைப் போட்டால் உள்ளே உலர்ந்தே கிடக்கும், மணிக்கணக்கில் ஊறினால் கரைந்து பருப்புக் குழம்பாகிவிடும். மழை நாளில் ரசவடை. மற்ற நாளில் பழ பஜ்ஜியும் சாயாவும்.

கையில் எடுத்துப் போக

நாகர்கோவில் நேந்திரம் சிப்ஸ் வாங்காமல் யாரும் போவதில்லை. ஆனால் அடுக்கிவைத்த பாக்கெட்டை விட்டுவிட்டு, வாணலி ஓடும் கடையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முற்றிய பச்சை ஏத்தங்காயைத் தோல் சீவி மஞ்சள் தண்ணீரில் போட்டிருப்பார்கள். சீவும் பலகையை எண்ணெய்க்கு நேர் மேலே பிடித்து, காயை வைத்துத் தேய்க்கத் தேய்க்க வட்டம் வட்டமாக எண்ணெயில் விழும். முதலில் எண்ணெய் கொதித்து இரையும். இரைச்சல் அடங்கி, கரண்டியில் அள்ளினால் கலகலவென்று ஓசை வரும்போது, உப்புக் கரைசலை ஒரு கை எண்ணெயில் தெளிப்பார்கள். சடசடவென்று மறுபடி பொங்கும். அது அடங்கியதும் அரித்து எடுக்கிறார்கள். உப்பு ஒரே சீராகப் பிடிப்பது இதனால்தான். பழுக்கத் தொடங்கிய காயானால் சர்க்கரை ஏறி, சிப்ஸ் பழுப்பாகக் கருகும்.

தேங்காயெண்ணெய்ச் சிப்ஸ், பாமாயில் சிப்ஸ் என்று இரண்டு விலை இருக்கும். தேங்காயெண்ணெயில் பொரித்ததையே வாங்குங்கள். குளிர்ந்த ஊருக்குக் கொண்டுபோனால் மேலே வெள்ளையாகப் படியும். 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறைவதால் வருவது அது, கெட்டதல்ல. சூட்டோடு பாக்கெட்டை ஒட்டச் சொல்லாதீர்கள், உள்ளே வியர்த்து நமத்துவிடும்.

இனிப்புக்கு, வெல்லப்பாகு பூசிய ஏத்தங்காய்த் துண்டான சர்க்கரை உப்பேரியா, முந்திரிக்கொத்தா? முந்திரிக்கொத்து. வறுத்துப் பொடித்த சிறுபயறு, வறுத்த தேங்காய், ஏலக்காய், சுக்கு எல்லாம் சேர்த்துப் பாகில் உருட்டி, மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கி, எண்ணெயில் மூன்று மூன்றாக ஒட்டிப் பொரிப்பார்கள். முந்திரிக்குலை, அதாவது திராட்சைக்குலை, மாதிரி நிற்பதால் அந்தப் பெயர். முந்திரிப் பருப்பைத் தேடி ஏமாற வேண்டாம். பாகு சர்க்கரைப் பாகா கருப்பட்டிப் பாகா என்று கேட்டு, கருப்பட்டி என்றால் வாங்குங்கள்.

கருப்பட்டியைத் தனியாக வாங்குவதானால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக இருந்து, நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசான கரிப்பு வர வேண்டும். கண்ணாடிபோல மின்னினால் சீனி கலந்தது. மழைக்காலத்தில் நல்ல கருப்பட்டியும் கசியும் என்பதால் காகிதத்தில் சுற்றி டப்பாவில் போடுங்கள்.

மார்த்தாண்டம் தேனுக்கும் 2023-இல் புவிசார் குறியீடு வந்தது. பெரும்பகுதி ரப்பர்த் தோட்டத்துத் தேன். தை மாசியில் இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்பில் ஊறும் தேனைப் பெட்டித் தேனீக்கள் எடுக்கின்றன. இந்தத் தேன் சீக்கிரம் உறையும். அடியில் சீனிபோல மணல் கட்டினால் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும். அடுப்பில் வைத்தால் வாசம் போய்விடும். ஊருக்கு எடுத்துப் போகும்போது பாட்டிலைச் சிப்ஸ் பைக்குள் மட்டும் சொருகாதீர்கள்.