கழுவி மாட்டும் ஏர் ஃபில்டரா, கழற்றி எறியும் பேப்பரா?

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 150 சிசி பைக்குக்கு ஒரிஜினல் பேப்பர் ஃபில்டர் சுமார் 275 ரூபாய், 12,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கழுவித் திரும்ப மாட்டும், எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டருக்கு 4,000, கழுவும் திரவமும் எண்ணெயும் சேர்ந்த கிட்டுக்கு 1,500. மொத்தம் 5,500 ரூபாய்க்கு 20 பேப்பர் வாங்கலாம். போட்ட காசு திரும்ப 2,40,000 கி.மீ. ஓட வேண்டும். அதற்குள் கிட் எத்தனை முறை தீரும் என்பது தனிக்கணக்கு. பேப்பரே ஆயிரத்தைத் தாண்டும் பெரிய வண்டிகளில்தான் இந்தக் கணக்கு கொஞ்சமாவது மாறும்.

சரி, பிக்கப்? ஏர்பாக்ஸின் (ஃபில்டர் உட்காரும் பெட்டி) வாய், ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை), சைலன்சர் எதையும் தொடாத வண்டியில் ஃபில்டரை மட்டும் மாற்றினால் கையில் தெரியும்படி ஒன்றும் வராது. பலருக்குத் தெரிவது வேறு. 20,000 கி.மீ. ஓடி அடைத்துப்போன பேப்பரைக் கழற்றிவிட்டுப் புது காட்டனை மாட்டுகிறார்கள், வண்டி பறக்கிறது. 275 ரூபாய்ப் பேப்பரை மாட்டியிருந்தாலும் பறந்திருக்கும். காற்றை இழுக்கும் சத்தம் கொஞ்சம் கூடுவதால் வேகம் கூடியதாகவும் தோன்றும்.

ஆக, ரோட்டைப் பார்த்துத்தான் ஃபில்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தார் ரோட்டில் வேலைக்குப் போய் வரும் வண்டிக்குப் பேப்பரே போதும். கிருஷ்ணகிரி குவாரி ரோடுகள், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மண், எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் தினசரி ஓட்டம் என்றால் பேப்பர் சீக்கிரம் அடைக்கும், கையேடு சொல்லும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். அங்கே எண்ணெயில் நனைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பேப்பரில் தூசு மேல்பரப்பிலேயே படிந்து அடைக்கும். ஸ்பாஞ்சில் உள்ளே ஆழம் வரை பரவி நிற்பதால் நிறையப் பிடித்த பிறகும் காற்று போகும். காட்டன் இரண்டுக்கும் நடுவில்.

பேப்பரிலும் இரண்டு ரகம் உண்டு. தொட்டால் கையில் லேசாக ஒட்டினால் அது எண்ணெய் ஊறிய விஸ்கஸ் பேப்பர். இதைக் கழுவவும் கூடாது, காற்று அடிக்கவும் கூடாது. நேரம் வந்தால் மாற்றுவது மட்டும்தான். உலர்ந்த பேப்பரைத் தரையில் லேசாகத் தட்டலாம், எஞ்சினைப் பார்த்த சுத்தமான பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தத்தில் காற்று விடலாம். பஞ்சர் கடை கம்ப்ரஸரை நெருக்கிப் பிடித்து அடித்தால் பேப்பரில் ஊசித்துளை விழும். இருட்டில் உள்பக்கம் டார்ச் வைத்துப் பாருங்கள். பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தால் குப்பைக்கு. அந்தத் துளை வழியே போகும் மணல்தூசுதான் பிஸ்டன் ரிங்கையும் போரையும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்க்கிறது. புகை வரும்போது பழி எஞ்சின் ஆயில் மேல் விழும்.

காட்டனைக் கழுவுவது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். திரவத்தைத் தெளித்து 10 நிமிடம் ஊறவிட்டு, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். எதிர்த்திசையில் அலசினால் அழுக்கு இழைக்குள்ளே போய் உட்காரும். பிறகு நிழலில் காய வேண்டும். ஹேர் டிரையர், கம்ப்ரஸர், வெயிலில் சுடும் கல் எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு முழுநாள் கூட ஆகும். அதுவரை வண்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் கையில் இன்னொரு ஃபில்டர் இருக்க வேண்டும். காய்ந்த பிறகு ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கோடு எண்ணெய், 20 நிமிடம் கழித்து வெளுப்பாகத் தெரியும் இடத்தில் மட்டும் மறுபடி. எண்ணெய் இல்லாத காட்டன் வெறும் துணி, தூசு நேராக உள்ளே போகும். கூடினாலும் தொல்லைதான்: ஏர்பாக்ஸ் அடியில் தேங்கி, எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் பிசினாகப் பிடிக்கும். காரில் காற்றளவு சென்சார் கெட்டுப்போகும் என்ற பயம் பெரும்பாலான பைக்குகளுக்குப் பொருந்தாது, அவற்றில் அந்த சென்சாரே கிடையாது.

ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள், துணி பிழிவதுபோல் முறுக்காதீர்கள், கிழியும். பெட்ரோல் ஒட்டுப்பசையைக் கரைக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். நன்றாகக் காய்ந்ததும் ஃபோம் (ஸ்பாஞ்ச்) ஃபில்டர் எண்ணெயோ 90 கியர் ஆயிலோ ஊற்றி, எல்லா இடத்திலும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, சொட்டாத அளவுக்கு அமுக்கி எடுங்கள். நீண்ட பயணத்துக்கு இன்னொன்றை எண்ணெய் தடவி ஜிப் கவரில் போட்டுக்கொண்டால் வழியில் இரண்டு நிமிட வேலை. விரலால் கிள்ளினால் உதிரும் ஸ்பாஞ்சுக்குக் கழுவல் மிச்சமில்லை, மாற்றுங்கள்.

எந்த ரகமானாலும் விளிம்பு சரியாக உட்காராவிட்டால் எல்லாம் வீண். வெளிக்கம்பெனி ஃபில்டர்களில் இதுதான் அடிக்கடி வரும் குறை. 500 கி.மீ. ஓடியதும் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினுக்குப் போகும் பக்கத்துக் குழாய்க்குள் விரலைத் தடவிப் பாருங்கள். மாவுபோல் தூசு ஒட்டினால் ஓரத்தில் கசிவு. ரப்பர் விளிம்பில் மெல்லிய கோடாக கிரீஸ் வைத்துப் பார்க்கலாம். அப்படியும் நிற்கவில்லையென்றால் அது உங்கள் வண்டிக்கான ஃபில்டர் இல்லை.

பேப்பர் எஞ்சின் ஆயிலில் நனைந்திருந்தால் குற்றம் ஃபில்டர் மேல் இல்லை. ஆயில் அளவு கூடியிருக்கும், அல்லது வண்டி கீழே விழுந்திருக்கும். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை ஏர்பாக்ஸுக்கு விடும் பிரீதர் குழாய் வழியே ஆயில் ஏறியிருக்கிறது. புதுசு மாட்டும் முன் வண்டியை நேராக நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள், ஏர்பாக்ஸ் அடியில் தொங்கும் சின்ன வடிகுழாயின் மூடியைக் கழற்றித் தேங்கியதை வடித்துவிடுங்கள்.