முட்டைக்கோழித் தீவனத்தில் ஆளி விதை: எதை வாங்கலாம், எவ்வளவு போடலாம்

தீவனத்துக்கான ஆளி விதை மூன்று வடிவில் கிடைக்கிறது: முழு விதை, மூட்டையில் வரும் அரைத்த மாவு, எக்ஸ்ட்ரூடர் என்னும் அழுத்தும் எந்திரத்தில் வெப்பமேற்றிய பொடி. அரைத்த மாவை வாங்கவே வேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும். மில்லில் அரைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட முடிந்தால் முழு விதை போதும். முடியாதவர்களுக்கு வெப்பமேற்றிய பொடி, கூடுதல் விலைக்குத் தகுதியானதுதான்.

விதையில் ஏறத்தாழ 40 சதவீதம் எண்ணெய். அதில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3. தினம் 110 கிராம் தின்னும் கோழிக்கு 10 சதவீத ஆளி விதைத் தீவனம் கொடுத்தால், இந்த அமிலம் மட்டும் 2 கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. முட்டையில் ஒமேகா-3 மொத்தம் 300 மில்லிகிராமை ஒட்டி ஏறும். வியாபாரிகள் பேசுவது இதைப் பற்றித்தான். கோழியின் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

முதலில் ஈரல். கோழி தன் கொழுப்பைப் பெரும்பாலும் ஈரலில்தான் உற்பத்தி செய்கிறது. கூண்டில் அசையாமல் நின்று மாவுச்சத்து மிகுந்த தீவனம் தின்னும் கோழியின் ஈரல் மஞ்சளாக வீங்கி, தொட்டால் உதிரும் நிலைக்கு வருகிறது. கோடையில் நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த, எடை கூடிய கோழி திடீரென்று செத்துக்கிடக்கும், கொண்டை வெளுத்திருக்கும், அறுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் ரத்தக்கட்டி. மாவுச்சத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கொழுப்பின் வழியே எரிசக்தி கொடுத்தால் ஈரலின் சுமை குறைகிறது. ஒமேகா-3 ஈரலில் கொழுப்பு உருவாவதையும் மட்டுப்படுத்துகிறது. ஆனால் ஆளி விதையைப் பழைய தீவனத்தின் மேல் கூடுதலாகத் தூவினால் கோழி இன்னும் கொழுக்கும். மக்காச்சோளத்தையும் சேர்த்த எண்ணெயையும் குறைத்து, ஃபார்முலாவை மறுபடி கணக்கிட்டாக வேண்டும்.

இந்த ஒமேகா-3 அமிலம் எளிதில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடும். அது மூட்டையில் மட்டுமல்ல, ஈரல் செல்லின் சவ்விலும் நடக்கும். வைட்டமின் ஈ போதாமல் 10 சதவீதம் போட்டால், காக்க நினைத்த ஈரலிலேயே ரத்தக்கசிவு வரலாம். தீவனம் கிலோவுக்கு 50 மில்லிகிராம் குறைந்தபட்சம். 10 சதவீத அளவில் 100 கொடுப்பது நல்லது. இந்தச் செலவைச் சேர்க்காமல் ஆளி விதையின் விலையைக் கணக்கிடக் கூடாது.

அடுத்து எலும்பு. ஒமேகா-6 என்னும் இன்னொரு வகைக் கொழுப்பு வழியாக உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் போன்ற பொருள் எலும்பைக் கரைப்பதைத் தூண்டும். ஒமேகா-3 அதைக் குறைக்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வில், திறந்தவெளிக் கோழிகளின் நெஞ்செலும்பு முறிவு இத்தகைய தீவனத்தால் கணிசமாகக் குறைந்தது. தாவி இறங்கும் கோழிகளுக்கு இது பெரிய பலன். கூண்டுப் பண்ணைக்கு அதே அளவு பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி இடறும் இடங்கள். விதைத் தோலிலுள்ள கொழகொழப்பு குடலில் ஊறி செரிமானத்தைக் கெடுக்கிறது. எச்சம் இளகி ஒட்டும். ஷெட்டில் ஈயும் அம்மோனியா நெடியும் கூடும். முட்டையிடத் தொடங்கிய இளங்கோழி ஏற்கெனவே குறைவாகத்தான் தின்னும். அதற்கு இதைக் கொடுத்தால் எடையும் முட்டையும் அடிவாங்கும். உச்ச முட்டை உற்பத்தி தாண்டிய பிறகு தொடங்குங்கள். சயனைடு தரும் பொருள்களும் விதையில் உண்டு, வெப்பமேற்றினால் குறையும். லினாட்டின் என்ற பொருள் வைட்டமின் பி6-ஐ முடக்குகிறது. பிரிமிக்ஸில் (தீவனத்தில் கலக்கும் வைட்டமின் கலவையில்) பி6-ஐக் கூட்டச் சொல்லுங்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால் முட்டையில் மீன் வாடை அடிக்கலாம்.

ஒமேகா-3 முட்டை வாங்க ஆள் இல்லாதவர்களுக்கு டன்னுக்கு 50 கிலோவே (5 சதவீதம்) போதும். அதற்கும் முன்னால், முட்டையின் அளவுக்குத் தேவையான லினோலெயிக் அமிலம் என்னும் ஒமேகா-6-ஐச் சரிபாருங்கள். தீவனத்தில் அது குறைந்தது 1 சதவீதம் வேண்டும். மக்காச்சோளம் பாதி இருந்தால் ஏறத்தாழ இது கிடைத்துவிடும். மக்காச்சோளம் விலையேறும்போது அரிசிக் குருணைக்கு மாறுகிறவர்கள் முட்டை சிறுத்துவிட்டது என்று தவிப்பது இதனால்தான். அதற்கு ஆளி விதை மருந்தல்ல. சோயா எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ 1 சதவீதம் சேர்த்தால் சரியாகும். பாமாயிலில் லினோலெயிக் 10 சதவீதம்தான்; அதிலுள்ள பால்மிட்டிக் அமிலம் முட்டைக்கோழித் தீவனத்தின் மிகுந்த கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாகி எச்சத்தில் போய்விடும். பருத்தி விதை எண்ணெயைத் தொடவே வேண்டாம். சேமித்த முட்டையின் வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாகும்.

வாங்கும்போது கையில் நசுக்கி மோந்து பாருங்கள். கொட்டை வாசம் வந்தால் நல்லது. பெயின்ட் நெடி வந்தால் திருப்பி அனுப்புங்கள். வெப்பமேற்றிய பொடிக்குத் தயாரிப்புத் தேதியும், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு அளவும் கேளுங்கள். பொடியிலிருந்து எடுத்த எண்ணெயில் அது கிலோவுக்கு 10 மில்லி ஈக்விவலென்ட்டைத் தாண்டினால் வேண்டாம். முதல் வாரம் டன்னுக்கு 25 கிலோ, பிறகு 50 என ஏற்றுங்கள். மஞ்சள்கருவில் ஒமேகா-3 நிலைக்க இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். அதற்குமுன் பெட்டியில் லேபிள் ஒட்டக் கூடாது.