ஐந்தாம் நம்பரா, எட்டாம் நம்பரா: கொழும்புக்காரனுக்கு எந்த ஈத்தூண்டில்?

"மாமா, ஒரு செட் வாங்கத்தான் காசிருக்கு. அஞ்சோ, எட்டோ?"

தெஹிவளையில் இருக்கும் அக்காவின் மகன் மூன்று வாரமாக இதே கேள்வியோடு என்னைத் துரத்துகிறான். எங்கே தேடிப் பார்த்தாலும் முதல் தடி ஒன்பதடி நீளம், ஐந்தாம் நம்பர் என்றுதான் பதில் வருகிறதாம். அந்தப் பதிலில் பிழை இல்லை. எழுதினவர் ட்ரவுட் மீன் ஓடும் ஆற்றங்கரையில் குடியிருக்கிறார், அவ்வளவுதான். என் மருமகனுக்கோ காலி வீதியைக் கடந்தால் கடல், ஓட்டோ பிடித்தால் பொல்கொட வாவி.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவதாக அப்பாவின் மூங்கில் தடியும் உண்டு. ஐம்பது வருடப் பைத்தியம் இது. ஃப்ளை ஃபிஷிங் என்று சொன்னால் பாதிப் பேர் பறக்கும் மீன் பிடிப்பதா என்று கேட்கிறார்கள், அதனால் நான் ஈத்தூண்டில் என்றே சொல்லிவிடுவேன்.

முதலில் இந்த நம்பர் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ லூர் என்கிற போலி இரையோ தன் பாரத்தில் பறந்து போகும், தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஈத்தூண்டிலில் எல்லாம் தலைகீழ். முனையில் இருப்பது கோழி இறகும் நூலும் சுற்றிய ஒரு முள், அதைத்தான் ஈ என்கிறோம். அதற்கென்று பாரமே கிடையாது. பாரம் முழுக்க லைனில்தான். நாம் வீசுவதும் லைனைத்தான், ஈ சும்மா தொற்றிக்கொண்டு போகிறது. அந்த லைனின் முன்பக்க 30 அடி எவ்வளவு நிறை என்பதைத்தான் நம்பர் காட்டுகிறது. ஐந்தாம் நம்பர் லைன் 140 கிரெய்ன், ஏறத்தாழ 9 கிராம். எட்டாம் நம்பர் 210 கிரெய்ன், 13.6 கிராம். தடியில் எழுதியிருக்கும் நம்பர், அது எந்த லைனை வீசச் செய்யப்பட்டது என்பதற்கான அடையாளம்.

நாலரைக் கிராம் ஒரு பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். வெள்ளவத்தைக் கற்களில் நின்று, கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்போது ஒரு ஐந்தாம் நம்பரை வீசிப் பார்த்தால் தெரியும். லைன் பாதி வழியில் எழுந்து நின்று திரும்பி வந்து நம் காலடியிலேயே விழும். ஒருமுறை தொப்பியில் மாட்டியது. காதில் மாட்டாதது என் அதிர்ஷ்டம்.

ஐந்தாம் நம்பருக்குரிய மரியாதையையும் கொடுத்துவிட வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1880களில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து மலையோடைகளில் விட்டார்கள். அவற்றில் வானவில் ட்ரவுட் மட்டுமே இங்கே நன்றாக ஊன்றியது. இரண்டு மீற்றர் அகல ஓடை, முழங்கால் அளவு தண்ணீர், கல்லுக்குப் பின்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மீன். அதற்கு முன்னால் 14ஆம் அளவு முள்ளில் கட்டிய ஒரு ஈயை, தேயிலைக் கொழுந்து விழுவதுபோல இறக்க வேண்டும். ஈயோடு சேரும் நுனி நூலின் தடிப்பு 0.006 அங்குலம். இதெல்லாம் ஐந்தாம் நம்பரின் ராச்சியம். அங்கே எட்டாம் நம்பரைக் கொண்டுபோவது வெங்காயம் அரிய மண்வெட்டி எடுத்த மாதிரி.

ஆனால் வருடத்தில் எத்தனை தரம் போவாய் என்று மருமகனைக் கேட்டேன். லீவு கிடைத்தால் இரண்டு தரம் என்றான். கோட்டையில் வேலை, சனிக்கிழமை அரை நாள், மலைக்கு ஏறி இறங்கவே ஒரு நாள் போய்விடும். போதாக்குறைக்கு ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. மற்ற ஓடைகளும் யாரோ ஒருவருடைய தோட்டத்துக்குள்தான் ஓடுகின்றன, எங்கே இறங்கலாம் என்று கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமவெளி ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன இறால் இனம் இருக்கிறது. ட்ரவுட்டுக்கு இறால் என்றால் உயிர். மலையில் ட்ரவுட் பிடிக்கும்போது எனக்கு முன்னைப்போல முழுச் சந்தோஷம் வருவதில்லை.

சரி, கொழும்புக்கு வருவோம். கடல் நமக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் செப்டெம்பர் வரை கடற்கரைக் கற்களில் ஏறி நிற்பதே மடத்தனம். நல்ல மாதங்களிலும் விடிகாலைதான் நேரம். தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று அப்போது முதுகைத் தள்ளும், லைன் தானாகப் போகும். ஒன்பது, பத்து மணிக்குக் காற்றுத் திரும்பி முகத்துக்கு வரும்போது கடையைக் கட்டிவிடலாம். இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. லைனை முன்னால் வீச வேண்டுமென்றால் முதலில் அதே நீளத்துக்குப் பின்னால் வீச வேண்டும். நமக்குப் பின்னால் இருப்பது ரயில் பாதை. தண்டவாளத்தில் வேலைக்குப் போகிறவர்களும் நடக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளும் நடக்கிறார்கள். ஆகவே கரைக்குச் சமாந்தரமாக, சரிவாக வீசப் பழக வேண்டும். ஒரே வீச்சில் அதிக நீளம் போகும் எட்டாம் நம்பர் இங்கே கைகொடுக்கும். நாலைந்து தரம் முன்னும் பின்னும் ஆட்டினால்தான் ஐந்தாம் நம்பர் நீளும். அதற்குள் பின்னால் யாராவது வந்துவிடுவார்கள்.

மீனுக்கு வந்தால் பேச்சே இல்லை. பாரை, கட்டா, சீலா. மூன்றுமே முரட்டு மீன்கள். சில வருடங்களுக்கு முன், பாணந்துறையில் பொல்கொட கடலோடு சேரும் இடத்தில், ஐந்தாம் நம்பரில் ஒரு பாரை மாட்டியது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தடி கைப்பிடி வரை வளைந்து நின்றதே தவிர மீனைத் திருப்ப அதில் வலு இல்லை. இருபது நிமிடத்துக்கு மேல் அது இழுக்க நான் விட, நான் சுற்ற அது இழுக்க. கரைக்கு வந்ததும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன். செவுள் இரண்டு தரம் திறந்து மூடியது, கையை எடுத்ததும் பக்கவாட்டில் சரிந்து மல்லாந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைத்தோம். குழம்பு நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. அதே அளவுப் பாரையை எட்டாம் நம்பரில் ஏழெட்டு நிமிடத்தில் எடுத்து, உதறிக்கொண்டு ஓடும் தெம்போடு திருப்பி அனுப்பலாம்.

பொல்கொடவில் இரண்டுக்கும் இடம் உண்டு. கண்டல் வேர்களுக்கு அடியில் படுத்திருக்கும் கொடுவாய்க்கு எட்டு. புல் ஓரத்து விராலுக்கும் எட்டு, ஏனென்றால் மாட்டியவுடன் அதைச் செடிக்குள் போகவிடாமல் இழுக்க வேண்டும். 1952இல் நம் குளங்களுக்கு வந்து சேர்ந்த திலாப்பியாவுக்கு மட்டும் ஐந்துதான் சுகம். உள்ளங்கை அகல திலாப்பியா ஐந்தாம் நம்பரில் செய்யும் கூத்து, எட்டாம் நம்பரில் தெரியவே தெரியாது.

இங்கே யாராவது, இவ்வளவு பாடு எதற்கு, சாதாரண ஸ்பின்னிங் தடி போதாதா என்று கேட்பார்கள். மீன்தான் நோக்கம் என்றால் போதும். 30 கிராம் லூரை அது ஐம்பது மீற்றருக்கு மேல் அனாயாசமாக எறியும். நான் எட்டாம் நம்பரில் உயிரைக் கொடுத்தாலும் இருபத்தைந்து மீற்றர்தான். பாரைக் கூட்டம் நெத்தலிக் குஞ்சுகளைக் கரையோரம் மடக்கி அடிக்கும் சில காலைகளில் மட்டும் ஈ ஜெயிக்கும். அப்போது மீன்கள் விரல் நீள இரையைத் தவிர வேறெதையும் பார்க்காது. அந்த அளவு லூருக்குப் பறக்கப் பாரம் போதாது. ஈக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போது லைன். இதைத்தான் யாரும் சொல்வதில்லை, நான் காசைக் கொட்டிப் படித்த பாடமும் இதுதான். எல்லோரும் தடியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். லைன் என்பது ஒரு நூல்தானே என்று செட்டோடு வந்ததைப் போட்டுவிடுவார்கள். செட்டோடு வருவது பெரும்பாலும் குளிர்நாட்டு லைன். உள்ளே பின்னிய மெல்லிய நாரும், வெளியே மிருதுவான பிளாஸ்டிக் பூச்சும் உள்ளது. பதினைந்து பாகைக் குளிரில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். பொல்கொடவில் பகல் பதினொரு மணிக்கு அதே லைனைப் படகுத் தட்டில் போட்டேன். பத்து நிமிடத்தில் ஆவி பறக்கும் இடியப்பம் மாதிரித் துவண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வீசும்போது தடியின் வளையங்களில் பிசின்போலப் பிடித்தது. எறிந்த லைன் எட்டு மீற்றரில் நின்றது. அன்றைக்குத் தடியைத்தான் திட்டினேன்.

வெப்பநாட்டு லைனுக்கு உள்நார் ஒற்றை நைலோன் இழை, பூச்சும் கடினமானது. வெயிலில் விறைப்பாக நின்று வளையத்துக்குள் சறுக்கிப் போகும். வருடம் முழுக்க 27, 28 பாகையில் கிடக்கும் கொழும்புக்கு இதைத் தவிர வேறு பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இதை நுவரெலியா விடியலுக்குக் கொண்டுபோனால் பழைய டெலிபோன் வயர் மாதிரிச் சுருள் சுருளாக வரும், இழுத்து நேராக்கினாலும் திரும்பச் சுருளும். நாலைந்து மணி நேரப் பயணத்தில் காலநிலை இவ்வளவு மாறும் நாட்டில் ஒரே லைனை வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் சமாளிக்க முடியாது. நல்ல லைன் ஒன்று 100 டொலரை ஒட்டி வரும், சுங்கம் வேறு. அப்படியிருந்தும் நடுத்தரத் தடியில் நல்ல லைன் போடுவது, விலைகூடிய தடியில் மலிவு லைன் போடுவதைவிட நூறு மடங்கு மேல்.

ரீலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஐந்தாம் நம்பரில் ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கும் ஒரு டப்பா, மீனைக் கையாலேயே இழுத்துவிடலாம். எட்டில் அப்படி முடியாது. பிரேக் உப்புத்தண்ணீர் புகாமல் மூடியிருக்க வேண்டும், லைனுக்குப் பின்னால் நூற்றைம்பது மீற்றராவது பின்னல் நூல் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன் ரீலைக் குளிப்பாட்ட வேண்டும். என் முதல் ரீல் ஒரு மழைக்காலம் அலுமாரியில் இருந்து வெளியே வந்தபோது வெள்ளைப் பூஞ்சணம் பூத்தமாதிரி உப்பு பூத்து, திரும்ப மறுத்தது.

மூங்கிலா கார்பனா என்றும் மருமகன் கேட்டான். அப்பாவின் தடியில் அவனுக்கு ஒரு கண். 1975இல் வெளிநாட்டுக் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தபோது, ஊருக்கு வெளிக்கிட்ட துரை கிளாக்கராக இருந்த அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. தெற்குச் சீனத்து டொங்கின் மூங்கிலை ஆறு முக்கோணச் சட்டங்களாகச் சீவி ஒட்டிய தடி. 1950இல் அமெரிக்கா சீனச் சாமான்களுக்குத் தடை போட்டபோது அங்கே அந்த மூங்கில் வரத்து நின்று ஃபைபர்கிளாஸ் தலையெடுத்தது, 1970களில் கார்பன் வந்து அதையும் ஓரங்கட்டியது. சமையலறைத் தராசில் அப்பாவின் தடி 155 கிராம். என் கார்பன் ஐந்தாம் நம்பர் 86. ஒரு காலை முழுக்க வீசினால் அந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும். மூங்கிலின் மெதுவான அசைவு ஓடையில் அழகு, கடற்காற்றில் அது உதவாது, உப்பும் ஆகாது. கார்பனுக்கு இரண்டு பலவீனம். ஈயமணியைக் கண்ணாக வைத்த ஈ வீச்சில் ஒருமுறை பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பிறகு ஒருநாள் சும்மா வளைத்ததற்கே முறியும். அப்புறம், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏப்ரல் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் ஒன்பதடித் தடியைத் தூக்கிக்கொண்டு வாவிக் கரையில் நிற்கக் கூடாது.

ஈக்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கோழிக்கடையில் சேவல் கழுத்திறகு சும்மா கிடைக்கும், புறக்கோட்டையில் சேலைக்கு வைக்கும் ஜரிகை நூல் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பொப் க்ளவுசர் என்ற அமெரிக்கர் 1980களில் ஆற்று மீனுக்காக உருவாக்கிய மின்னோ என்கிற ஈ, வெள்ளை மயிரும் கொஞ்சம் ஜரிகையும் ஈயக்கண்ணுமாக, நம் பாரைக்கு அச்சு அசலாக நெத்தலிதான். லைன் காலில் சிக்காமல் இருக்க இடுப்பில் கட்டும் கூடையைக்கூட நான் வாங்கவில்லை. உடுப்பு ஊறப்போடும் பிளாஸ்டிக் பேசினில் ஓட்டை போட்டு, பழைய பெல்ட் கோத்துக் கட்டிக்கொள்கிறேன். முதல் நாள் என்னைப் பார்த்த கடலைக்காரர் நான் போட்டியாக வியாபாரத்துக்கு வந்துவிட்டேன் என்றே நினைத்திருப்பார்.

ஆக, மருமகனுக்குச் சொன்னது இதுதான். நாலு துண்டாக மடியும் நடுத்தர விலை எட்டாம் நம்பர் தடி, பிரேக் மூடிய ரீல், மிச்சக் காசு முழுக்க வெப்பநாட்டு லைனுக்கு. நுவரெலியா போகிற அந்த இரண்டு நாளைக்கு என் ஐந்தாம் நம்பரை எடுத்துப் போகட்டும்.

மூங்கில் தடியை மட்டும் கேட்கக் கூடாது.