கன்று ஈன்ற பசு இளைக்கிறதா: டேப்பா, பால் ஃபேட்டா, கையா?

கன்று ஈன்றதிலிருந்து சினை ஊசி போடும் வரை கலப்பினப் பசு கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும். பால் ஆறு, எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய்விடும், தீனி எடுப்பு அதற்குப் பிறகுதான் ஏறும். அதுவரை உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் மாடு சமாளிக்கிறது. அளவுக்கு மீறிக் கரைந்தால் பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும், ஊசி போட்டாலும் சினை நிற்பது கஷ்டம்.

மார்புச் சுற்றளவு டேப் குடற்புழு மருந்துக்கு எடை பார்க்க நல்லது. இளைப்பைக் கண்டுபிடிக்க வேண்டாம். கவலைப்பட வேண்டிய இளைப்பே பெரிய மாட்டில் 25, 30 கிலோதான். டேப்பை இழுக்கும் இறுக்கம் மாறினாலே அதில் ஒரு பங்கு பிசகிவிடும். எடை மேடையும் அப்படித்தான். 20 லிட்டர் தண்ணீர் குடித்த மாடு 20 கிலோ கூடிவிட்டதாகக் காட்டும்.

பால் சொசைட்டியில் பார்க்கும் ஃபேட் (பாலின் கொழுப்பு அளவு)? ஈன்ற புதிதில் ஃபேட் திடீரென ஏறினால் கொழுப்பு கரைகிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் கன்று முன்பால் குடித்ததா, பின்பால் குடித்ததா என்பதிலேயே அந்த எண் மாறும். மூன்று மாட்டுப் பாலையும் ஒரே கேனில் ஊற்றுகிறவருக்கு அதுவும் உதவாது.

கைதான் சரி. உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று காட்டும் உடல்நிலை மதிப்பெண்ணை 1 (மிக மெலிந்தது) முதல் 5 (மிகக் கொழுத்தது) வரை கால் கால் மதிப்பெண்ணாகப் போடுவார்கள். மாட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். இடுப்பெலும்பு முனையிலிருந்து வாலுக்குக் கீழே உள்ள பிட்டெலும்பு முனை வரை ஓடும் கோடு நடுவில் கூராக மடிந்தால் 3 அல்லது அதற்குக் கீழே, வளைந்து இறங்கினால் 3.25க்கு மேலே. அப்புறம் பிட்டெலும்பு முனையை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று எதுவுமே தட்டுப்படாவிட்டால் 2.5ஐயும் தாண்டி இறங்கிவிட்டது. ஈனும்போது 3 முதல் 3.5, ஊசி போடுவதற்குள் அரை மதிப்பெண்ணுக்கு மேல் இறங்கக் கூடாது. (நியூசிலாந்து வீடியோ பார்த்துவிட்டு 5 வேண்டும் என்று நினைக்காதீர்கள், அவர்கள் கணக்கு பத்துக்கு.)

இந்தக் கைமுறையில் ஒரு குறை: ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறும். தினமும் கறப்பவர் கண்ணுக்கு இளைப்பு தெரியாமலும் போகும். அதனால் ஒரே ஆள் போட வேண்டும், ஈன்ற அன்றும் 30ஆம் நாளும் 60ஆம் நாளும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். 30ஆம் நாளே அரை மதிப்பெண் போய்விட்டதென்றால் அடர்தீவனத்தைக் கூட்டலாம். ஒரே நாளில் கொட்டிவிடாமல், பசுந்தீவனம், வைக்கோல் குறையாமல், கொஞ்சம் கொஞ்சமாக.