கூண்டு டேங்கா, நீல ட்ரம்மா? வீட்டில் எண்ணெய் எரிபொருள் சேர்த்து வைப்பவர்களுக்கு

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் என் மச்சான் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். பொரித்து ஓய்ந்த பாமாயில் வாரத்துக்கு ஒரு டின், ஏறத்தாழ 15 லிட்டர், ஆனேக்கல் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அதைத் தெளியவைத்து வடிகட்டி, பழைய லிஸ்டர் வகை ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில் எரிக்கிறோம். மாட்டுத் தீவனம் வெட்டுவதும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓட்டுவதும் அதில்தான். வந்து பார்க்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அந்த ஆயிரம் லிட்டர் கூண்டு டேங்க் ஒண்ணு வாங்கிப் போட்டா, மொத்தமா சேத்து வெச்சுக்கலாமே?"

நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். டேங்க் வாங்கி ஒன்றரை வருடம் அதோடு மல்லாடிவிட்டு நீல ட்ரம்முக்கு மாறினேன். ஆனாலும் கூண்டு டேங்க் எல்லாருக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். யாருக்கு எது என்பது முதலில் உங்களுக்கு எண்ணெய் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைப் பொறுத்தது.

கூண்டு டேங்க் என்று நாங்கள் சொல்வது ஐபிசி (IBC). உள்ளே வெள்ளை எச்டிபிஇ பிளாஸ்டிக், வெளியே ஜிஐ கம்பிக் கூண்டு, அடியில் பேலட், கீழ்ப்பக்கம் இரண்டு அங்குல வால்வு. கம்பெனிகளுக்கு கெமிக்கலும் கிளிசரினும் ஏற்றி வந்து, காலியானதும் பீன்யா, ஜிகணி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைப் பக்கமிருந்து, பழைய சாமான் விற்கும் குஜரி கடைகளுக்கு வந்து சேரும். நீல ட்ரம் 200 லிட்டர் பிடிக்கும். அதுவும் எச்டிபிஇ தான், தலையில் ஒரு பெரிய மூடியும் ஒரு சின்ன மூடியும் இருக்கும். எங்கள் பக்கத்தில் ஐந்து பழைய ட்ரம் வாங்குகிற காசும் ஒரு பழைய டேங்க் வாங்குகிற காசும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் விலையை வைத்து முடிவெடுக்க இதில் ஒன்றுமில்லை.

கணக்கைப் பாருங்கள். வாரம் 15 லிட்டர் என்றால் 1000 லிட்டர் டேங்க் நிறைய 66 வாரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒன்றேகால் வருடமும் பாதி காலியான டேங்கில் காற்றோடு கிடந்து எண்ணெய் காறிப்போகும். இன்னொரு தொல்லையும் உண்டு. எஞ்சினுக்கு வேண்டியது தெளிந்த எண்ணெய். பஜ்ஜி மாவும் மசாலாவும் தண்ணீரும் அடியில் போய் உட்கார வாரக்கணக்கில் அசையாமல் விட வேண்டும். ஒரே டேங்க் வைத்திருந்தால் ஒவ்வொரு வாரமும் புது டின்னை ஊற்றும்போது தெளிந்ததெல்லாம் மறுபடி கலங்கும். 200 லிட்டர் ட்ரம் மூன்று மாதத்தில் நிறைந்துவிடும். மூடி போட்டு ஓரமாக வைத்தால், அடுத்த ட்ரம் நிறைவதற்குள் இது கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். ஒன்று நிறைய, ஒன்று தெளிய, ஒன்று செலவாக என்று மூன்று ட்ரம் இருந்தால் போதும்.

அடுத்தது டேங்கின் பழைய கதை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பட்டது நான்.

என் முதல் டேங்கை ஒரு குஜரி கடையில் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. லேபிள் கிழிக்கப்பட்டு பசை மட்டும் ஒட்டியிருந்தது. "உள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன். "சோப்பு ஆயில்தாண்ணே, கழுவினா போயிடும்" என்றார் கடைக்காரர். சோப்புதானே, அதுவே ஒரு கழுவல்தானே என்று நானும் நம்பினேன். நான்கு தடவை அலசி, வெயிலில் காயவைத்து, கையிலிருந்த நூறு லிட்டரை ஊற்றினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பாட்டிலில் பிடித்தால் மோர் மாதிரி வெளுத்திருந்தது. பாட்டிலை ஜன்னலோரம் பத்து நாள் வைத்தும் தெளியவில்லை. சோப்புச் சரக்கின் வேலையே எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைப்பதுதான். கூண்டுக் கம்பி அழுத்திய பள்ளங்களிலும் வால்வின் கழுத்திலும் ஒட்டியிருந்த கொஞ்சமே அந்த நூறு லிட்டரைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது.

அதனால் லேபிள் இல்லாத டேங்கைத் தொடாதீர்கள். கிளிசரின், குளுக்கோஸ் பாகு, சமையல் எண்ணெய் இருந்த டேங்க் கிடைத்தால் எடுங்கள். பூச்சிமருந்து இருந்ததென்றால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எந்தக் கழுவலுக்கும் போகாது, எரிக்கும்போது அந்தப் புகை நம் வீட்டுக்குள்தான் வரும். லேபிள் இருந்தாலும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் மேல்மூடியை லேசாகத் திறந்து வாடை பாருங்கள். இதெல்லாம் ட்ரம்முக்கும் பொருந்தும். ஆனால் ட்ரம்மில் ஏமாந்தால் போவது 200 லிட்டர். இன்னொன்று: என்ன இருந்தது என்று தெரியாத எதையும் கிரைண்டர் வைத்து அறுக்க வேண்டாம். உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியில் வெடித்துவிடும்.

டேங்கின் உடம்பில் தயாரித்த மாதமும் வருடமும் கடிகார முகம் மாதிரி வட்டமாகப் பதிந்திருக்கும். அபாயகரமான சரக்கு ஏற்ற இந்த பிளாஸ்டிக் டேங்க்குகளுக்கு ஐநா விதிகளின்படி 5 வருடம்தான் ஆயுள். நாம் வாங்குவது பெரும்பாலும் அதைத் தாண்டியதாகவே இருக்கும். வெயில்பட்ட பக்கத்தை விரலால் தேயுங்கள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டினால் பிளாஸ்டிக் செத்துவிட்டது என்று அர்த்தம்.

இனி வால்வு. கூண்டு டேங்கின் தரை வால்வை நோக்கிச் சற்றே சரிவாக இருக்கும். சரக்கு முழுவதும் இறங்க வேண்டும் என்பதற்காக அப்படி. நமக்கு அது பாதி நல்லது. அடியில் தேங்கும் தண்ணீரையும் மண்டியையும் வால்வைத் திறந்து சுலபமாக வெளியே விடலாம், ட்ரம்மில் இந்த வசதி கிடையாது. ஆனால் அதே வால்வில் எஞ்சினுக்கு எண்ணெய் பிடித்தால் முதலில் வருவது கசண்டுதான். மேலேயிருந்து குழாய் விட்டு, தரைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே நிறுத்தி உறிஞ்சுவதுதான் சரி.

வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டையும் கவனியுங்கள். பல டேங்க்குகளில் ஈபிடிஎம் ரப்பர்தான் வரும். தண்ணீருக்கும் பல கெமிக்கலுக்கும் அது அருமையான ரப்பர், எண்ணெயில் மட்டும் ஊறி உப்பிவிடும். என் டேங்கில் ஏழாவது மாதம் வால்வின் கீழ் ஒரு சொட்டு தொங்க ஆரம்பித்தது. துடைத்தால் அரை மணியில் மறுபடி வரும். கழற்றிப் பார்த்தபோது கேஸ்கெட் ஊறின அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. பெங்களூர் எஸ்.பி. ரோடில் அலைந்து, எண்ணெய்க்குத் தாங்கும் வைட்டான் ரப்பர் கேஸ்கெட் வாங்கிப் போட்ட பிறகுதான் நின்றது. பித்தளை வால்வு மாற்றலாம் என்று ஒரு பிளம்பர் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். செம்பும் பித்தளையும் எண்ணெய் கெடுவதை வேகப்படுத்தும்.

ட்ரம்மின் மூடி தலையில் இருக்கிறது. அதன் வாஷர் கெட்டால் வாடை வரும், அவ்வளவுதான். கூண்டு டேங்கின் வாய் அடியில் இருக்கிறது. அதன் வாஷர் கெட்டால் ஆயிரம் லிட்டரும் தரைக்கு வரும். வீட்டில் குழந்தைகளும் மாடும் கிணறும் இருக்கிறவனுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். டேங்க்தான் வேண்டுமென்றால் சுற்றிலும் தொட்டி கட்டுங்கள், டேங்கின் கொள்ளளவை விடக் கொஞ்சம் கூடவே பிடிக்கிற மாதிரி. 2 மீட்டருக்கு 2 மீட்டர் தளம், 30 சென்டிமீட்டர் சுவர் என்றால் 1200 லிட்டர் நிற்கும்.

மொட்டைமாடியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூடாது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு 920 கிராம்தான். ஆனாலும் நிறைந்த டேங்க் பேலட்டோடு கிட்டத்தட்ட ஒரு டன். அது நிற்கும் இடம் 1.2 சதுர மீட்டர், ஆக சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல். வீட்டு மாடிக் கூரைக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் கணக்கிடும் ஆள்நடமாட்டச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். தரையில், கான்கிரீட் மேல்தான் இதற்கு இடம்.

பெங்களூர்க் குளிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்கழிக் காலையில் 15 டிகிரிக்கு இறங்கும்போது ஓய்ந்த பாமாயில் கீழ்ப்பாதி உறைந்த நெய் மாதிரி ஆகிவிடும். ட்ரம்மை நானும் தம்பியும் சாய்த்து விளிம்பில் உருட்டி வெயிலுக்குக் கொண்டுபோவோம். நிறைந்தது 190 கிலோ இருக்கும், பழகிவிட்டால் முடியும். பத்து மணிக்கு வைத்தால் மூன்று மணிக்கு உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கும். கூண்டு டேங்கை எங்கே உருட்டுவது? அந்த ஒரு மார்கழி முழுக்க டீசலிலேயே ஓட்டினேன்.

டேங்குக்கு உள்ள பெரிய நன்மை, சுவர் வழியே உள்ளே தெரிவது. இருட்டில் பின்பக்கம் டார்ச் அடித்தால் மண்டி எதுவரை, தெளிவு எதுவரை என்று கோடு போட்ட மாதிரி தெரியும். ட்ரம்மில் குச்சி விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் உள்ளே தெரிகிற சுவர் வழியே வெளிச்சமும் போகும், எண்ணெய் சீக்கிரம் கெடும். கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடித்தான் ஆக வேண்டும்.

கறுப்பு என்றதும் சின்டெக்ஸ் மாதிரியான தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வரும். வெளிச்சம் புகாது என்பது தவிர அதில் எண்ணெய்க்கு ஏற்றது ஒன்றுமில்லை. மூடி இறுகாது, மழைக்காலத்து ஈரமும் கரப்பானும் உள்ளே போகும். குழாய்க்காகத் துளை போட்ட இடத்தில் இருப்பது தண்ணீருக்கான ரப்பர். இரும்பு பேரல் எலிக்கும் வெயிலுக்கும் அசராது, ஆனால் அடியில் தேங்கும் தண்ணீரும் எண்ணெயின் புளிப்பும் சேர்ந்து துரு பிடிக்கும். உள்ளே பூச்சு போட்ட பேரல் கிடைத்தால் நல்லது.

நெருப்பு விஷயத்தில் மட்டும் இரும்புக்குத்தான் என் ஓட்டு. சமையல் எண்ணெயின் ஆவி தீப்பிடிக்க 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், டீசலோடு ஒப்பிட்டால் மிகவும் சாது. ஆனால் எச்டிபிஇ 130 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். பக்கத்தில் வேறு ஏதாவது பற்றினால் டேங்க் உருகி மொத்த எண்ணெயையும் நெருப்பில் கொட்டும். அதனால் பிளாஸ்டிக் எதையும் எஞ்சின் ஷெட்டுக்குள் வைக்காதீர்கள். எண்ணெய் துடைத்த துணியைக் குவித்தும் போடாதீர்கள். சூரியகாந்தி, சோயா எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். நாங்கள் மூடி போட்ட தகர வாளியில் தண்ணீரில் ஊறப்போடுகிறோம்.

யாருக்குக் கூண்டு டேங்க்? ஒரே தடவையில் இருநூறு முந்நூறு லிட்டர் வருகிறவர்களுக்கு. கல்யாண கேட்டரிங் செய்கிறவர்கள், ஹாஸ்டல் கேன்டீனிலிருந்து எடுக்கிறவர்கள், புங்க எண்ணெயை மொத்தமாக வாங்குகிறவர்கள். நம் கர்நாடகத்தில் புங்கத்தை ஹொங்கே என்பார்கள். இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீனிவாசா அதை வைத்தே டீசல் எஞ்சின் ஓட்டிக் காட்டியிருக்கிறார். அது கசப்பு எண்ணெய், யாரும் திருப்பி அடுப்பில் வைக்க மாட்டார்கள்.

ஓய்ந்த சமையல் எண்ணெயில் அந்த நிம்மதி கிடையாது. திரும்பத் திரும்பப் பொரிப்பதில் எண்ணெய் கெட்டு உண்டாகும் போலார் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிற கடைகள் 2019 மார்ச் முதல் கணக்கு வைத்து, அனுமதி பெற்றவர்களிடமே பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். இருந்தும் அது ரோட்டோரக் கடாய்க்குத் திரும்பிப் போவது நிற்கவில்லை. தெளிந்த ட்ரம்மைப் பார்க்கிறவனுக்குப் புது எண்ணெய் மாதிரியே இருக்கும். அதனால் எங்கள் மூன்று ட்ரம்மிலும் "சாப்பிட அல்ல" என்று தமிழிலும் கன்னடத்திலும் சிவப்பு பெயின்டில் எழுதி, பூட்டும் போட்டிருக்கிறோம்.

அந்தக் கூண்டு டேங்க் இப்போது செம்பருத்திப் பக்கம் மழைத்தண்ணீர் பிடிக்கிறது. மாட்டுக்கு மட்டும் அதிலிருந்து கொடுப்பதில்லை.