தீவு விடுமுறையில் ஸ்கூபா: முழுப் பயிற்சியும் அங்கேயா, பாதியை ஊரிலேயே முடித்துவிட்டா?

வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு விடுமுறையில் செல்பவர், அங்கே ஸ்கூபா (முதுகில் காற்று உருளையோடு நீருக்கடியில் முக்குளிப்பது) கற்றுக்கொள்வதென்று முடிவெடுத்துவிட்டால், அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, சான்றிதழ் ஏதும் இல்லாத ஒரு நாள் அறிமுக முக்குளிப்பு. இரண்டாவது, பாடம், குளப்பயிற்சி, கடல் முக்குளிப்பு மூன்றையும் தீவிலேயே தொடர்ச்சியாக முடித்துச் சான்றிதழ் பெறும் முழுப் பயிற்சி. மூன்றாவது, பாடத்தையும் குளப்பயிற்சியையும் புறப்படுவதற்கு முன் ஊரிலேயே முடித்துக்கொண்டு, அவற்றை முடித்ததற்குச் சான்றான ரெஃபரல் படிவத்துடன் தீவுக்குச் சென்று கடல் முக்குளிப்புகளை மட்டும் அங்கே செய்வது. நான் மூன்றாவது வழியில் சான்றிதழ் பெற்றவன். ஆகவே இந்த ஒப்பீட்டில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

அறிமுக முக்குளிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மருத்துவப் படிவத்தை நிரப்பி, சிறிது நேரம் விளக்கம் கேட்டு, ஆழமில்லாத நீரில் இரண்டு மூன்று செய்முறைகளைப் பழகியபின், பயிற்சியாளரின் கைக்கெட்டும் தொலைவிலேயே அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். மீன்களையும் பவளத்திட்டையும் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்பவருக்கும், இது நமக்குப் பிடிக்குமா என்று தெரியாமல் முழுப் பயிற்சிக்குப் பணம் கட்டத் தயங்குபவருக்கும் இது பொருத்தமானது. ஆனால் காற்றின் அளவு, ஆழம், மிதப்பு எல்லாவற்றையும் உங்களுக்காகப் பயிற்சியாளரே கவனித்துக்கொள்வதால், நீங்கள் கற்றுக்கொள்வது சொற்பம். அடுத்த முறை வேறொரு கடலுக்குச் சென்றால் மீண்டும் தொடக்கத்திலிருந்துதான். பிற்பாடு முழுப் பயிற்சியில் சேருபவருக்கு இந்த ஒரு முக்குளிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மையங்களும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான். இரண்டின் முடிவிலும் கையில் கிடைப்பது ஒரே அட்டை. 1966-இல் தொடங்கப்பட்ட பி.ஏ.டி.ஐ., 1970-இல் தொடங்கப்பட்ட எஸ்.எஸ்.ஐ. ஆகிய இரு பெரிய பயிற்சி அமைப்புகளும் தொடக்கநிலைச் சான்றிதழை ‘ஓப்பன் வாட்டர்’ என்றே அழைக்கின்றன, ஐ.எஸ்.ஓ. 24801-2 என்ற பன்னாட்டுத் தரத்துக்கு இணையானது அது. துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, 18 மீட்டர் வரை, பயிற்சியாளர் இல்லாமலேயே முக்குளிக்கலாம் என்பதே அதன் பொருள். எந்த அமைப்பின் அட்டை மேல் என்ற விவாதத்தில் நான் நேரம் செலவழிக்க மாட்டேன். தொடக்கநிலையில் அந்த வேறுபாட்டைவிட, உங்களுக்கு வாய்க்கும் பயிற்சியாளர் யார் என்பதே பெரிய வேறுபாடு.

தீவிலேயே முழுவதையும் கற்பதில் இருக்கும் கவர்ச்சி வெளிப்படையானது. வெதுவெதுப்பான, தெளிந்த நீர்; குளத்துக்குப் பதிலாக அலையில்லாத விரிகுடாவிலேயே முதல் பாடங்கள்; முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒரே பயிற்சியாளர். விடுமுறையில் உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டுமே என்ற பழைய குறை இப்போது பெரிதல்ல. பாடத்தை இணையத்திலேயே முன்கூட்டிப் படித்துத் தேர்வெழுதிவிட்டுச் செல்ல முடிகிறது. இவ்வளவு இருந்தும் நான் அதைத் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: காலத்தில் சற்றும் தளர்வு இல்லாமை.

தீவில் முழுப் பயிற்சிக்குப் பொதுவாக மூன்று அல்லது நான்கு நாள் ஒதுக்குகிறார்கள். ஐந்து இரவு விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேரும் நாளும் திரும்பும் நாளும் போனால் முழுதாக எஞ்சுவது நான்கு நாள். அதிலும் கடைசி நாள் முழுமையாக உங்களுடையதல்ல. அழுத்தத்தில் சுவாசித்ததால் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதற்குமுன் விமானத்தில் ஏறினால் அழுத்தக்குறைவு நோய் வரும் அபாயம் உண்டு. ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல முக்குளிப்புகளுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரமும் பறக்காமல் இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். காலை 6 மணிக்கு விமானம் என்றால், முந்தைய நாள் நண்பகல் 12 மணிக்குள் நீரைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். சிறிய தீவிலிருந்து பெரிய விமான நிலையத்துக்குக் குட்டி விமானத்தில் செல்வதாக இருந்தால், கணக்கு அந்தக் குட்டி விமானத்திலிருந்தே தொடங்குகிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. தீவின் நடுவே எரிமலைச் சிகரம் இருந்து, கடைசி நாளில் அதன்மேல் ஏறும் எண்ணம் இருந்தால் அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆக, தாளில் போட்டுப் பார்த்தால் நாட்கள் சரியாகவே பொருந்துகின்றன. சிக்கல் என்னவென்றால், சரியாக மட்டுமே பொருந்துகின்றன. ஒரு பிற்பகல் காற்று பலமாக வீசிப் படகு கிளம்பாவிட்டால், அல்லது ஒரு நாள் உங்கள் காது ஒத்துழைக்காவிட்டால், முழுத் திட்டமும் குலைந்துவிடும்.

காதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தொடக்கநிலையினரை நீர்மட்டத்திலேயே நிறுத்திவைப்பது பெரும்பாலும் அதுதான். கடல் மட்டத்தில் நம்மீதுள்ள அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரட்டிப்பாகிறது. நடுக்காதில் உள்ள காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்கப் பார்க்கிறது. அடுத்து வரும் எந்த 10 மீட்டரைவிடவும் இந்த முதல் 10 மீட்டரில்தான் மாற்றம் மிக அதிகம். ஆகவே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி, தொண்டையிலிருந்து நடுக்காதுக்குச் செல்லும் குழாய் வழியே காற்றை அனுப்பிச் சமன்செய்துகொண்டே இறங்க வேண்டும். வலி வந்தபின் ஊதுவது பயனற்றது. அதற்குள் குழாயின் வாய் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அரை மீட்டர் மேலே ஏறி, மீண்டும் முயன்று, பிறகே இறங்க வேண்டும். சிலருக்கு இது முதல் முறையே கைவருகிறது. சிலருக்கு ஒரு காது திறக்கும், மற்றொன்று பிடிவாதம் பிடிக்கும். சளி பிடித்திருந்தால் யாருக்குமே ஒழுங்காகத் திறக்காது. நீண்ட விமானப் பயணமும் குளிரூட்டப்பட்ட அறைகளும் தூக்கக்குறைவும் சேர்ந்து, விடுமுறையின் முதல் இரண்டு நாட்களில்தான் மூக்கடைப்பு வருவது வழக்கம். முழுப் பயிற்சிக்காரர் நீருக்குள் இறங்க வேண்டிய நாட்களும் அவைதாம். மூக்கடைப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு இறங்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். நீருக்குள்ளேயே மாத்திரையின் வீரியம் தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காதில் சிக்கிக்கொள்ளும்.

காதுக்கு ஓய்வு தேவைப்பட்டால் ஓய்வு கொடுக்க முடிய வேண்டும். நான்கு நாளில் நான்கு நாள் பாடத்தை முடிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. பிரித்துக் கற்றவருக்குத் தீவில் மீதமிருப்பது நான்கு கடல் முக்குளிப்புகள் மட்டுமே. விதிப்படி அவற்றை இரண்டு நாட்களுக்காவது பரப்பிச் செய்தால் போதும். முதல் இரண்டும் 12 மீட்டருக்குள், அடுத்த இரண்டும் 18 மீட்டருக்குள். அதே நான்கு நாள் விடுமுறையில் அவருக்கு இரண்டு நாள் கையிருப்பில் இருக்கிறது. முதல் நாள் மூக்கடைத்தால் மணலில் படுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் படகேறலாம்.

இதே தளர்வு குளத்திலும் வேலை செய்கிறது. குளப்பயிற்சியில் பலர் தடுமாறும் செய்முறை ஒன்று உண்டு. முட்டியிட்டு அமர்ந்த நிலையில், நீருக்கடியில் மாஸ்க்கைக் கழற்றி, ஒரு நிமிடம் அது இல்லாமலே, உருளையின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் வழியே மூச்சுவிட்டு, பிறகு மாட்டி உள்ளிருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். எழுத்தில் படிக்க எளிது. மாஸ்க் கழன்றதும் நீர் மூக்குத்துளையைத் தொடும். அந்தக் கணம் உடல் தானாகவே மூக்கால் இழுக்கப் பார்க்கும். தொண்டையில் குளோரின் நெடி ஏறும். கண் திறந்தாலும் எதிரே பயிற்சியாளரின் கை மட்டும் நீல மூட்டமாகத் தெரியும். வாயால் இழுத்து வாயால் விடுவதை மட்டும் நினைத்துக்கொண்டு இருக்க வேண்டும். மாட்டியபின் தலையைச் சற்று உயர்த்தி, மாஸ்க்கின் மேல்விளிம்பை உள்ளங்கையால் நெற்றியோடு அழுத்தி, மூக்கால் நீளமாக ஊதினால், கீழ்விளிம்பு வழியே நீர் இறங்கிப் போகும். எனக்கு இது ஒரே அமர்வில் வரவில்லை. பயிற்சியாளர் அலட்டிக்கொள்ளாமல் “அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அடுத்த வாரம் அது எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது. இடையில் நான் செய்ததெல்லாம் குளியலறையில் மூக்கில் நீர் ஓட விட்டபடி வாயால் மூச்சுவிட்டுப் பழகியதுதான். “அடுத்த வாரம்” என்ற அந்தச் சொல்லைத் தீவில் எந்தப் பயிற்சியாளராலும் சொல்ல முடியாது. மறுநாள் காலை படகு காத்திருக்கும்.

அவசரப்படுத்தப்பட்ட மாணவர் எப்படியோ தேர்ச்சி பெற்றுவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் இந்தச் செய்முறைகள் எல்லாம் பதற்றத்தை அடக்கப் பழகுவதற்காகவே இருக்கின்றன. பதறியவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேல்நோக்கிப் பாய்ந்தால், 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பியிருந்த காற்று மேற்பரப்பில் இரு மடங்காக விரியும். ஸ்கூபாவின் முதல் விதியே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதாக இருப்பது அதனால்தான். மாஸ்க்கில் கொஞ்சம் நீர் புகுவது கடலில் அன்றாட நிகழ்வு. அதைப் பொருட்படுத்தாத அளவுக்குப் பழகியிருப்பவருக்கே சுற்றிலும் பார்க்க மனம் இருக்கும்.

பிரித்துக் கற்பதிலும் குறைகள் உண்டு, அவற்றை மறைப்பதற்கில்லை. இரண்டு மையங்களுக்குத் தனித்தனியாகப் பணம் கட்டுவதால் மொத்தச் செலவு குறையாது. பெரும்பாலும் கூடவே செய்யும். தீவிலுள்ள பயிற்சியாளருக்கு உங்களைத் தெரியாது என்பதால், படிவத்தைப் பார்த்ததோடு நில்லாமல் சில செய்முறைகளை மீண்டும் செய்துகாட்டச் சொல்வார், சொல்லவும் வேண்டும். குளத்தில் பழகியவர் கடலில் இறங்கும்போது மிதப்பு மாறிவிடும். உப்புநீர் அடர்த்தி கூடியது என்பதால், மூழ்குவதற்காகக் குளத்தில் இடுப்பில் கட்டிய எடையோடு சராசரி உடல்வாகு உள்ளவருக்கு இரண்டு கிலோ அளவுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். முதல் கடல் முக்குளிப்பில் மேலேயே மிதந்துகொண்டு தவிப்பவர்களில் பாதிப் பேர் இப்படி எடை போதாமல் தவிப்பவர்கள்தான் என்பது என் ஊகம். மேலும், பி.ஏ.டி.ஐ. முறையில் குளப்பயிற்சிக்கான ரெஃபரல் பன்னிரண்டு மாதங்களுக்குத்தான் செல்லும். பயணம் தள்ளிப்போனால் படிவம் வீண். வேறு அமைப்பின் படிவத்தை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த மையத்தின் விருப்பம். புறப்படுவதற்கு முன்பே எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொள்வது அவசியம்.

அருகில் முறையான குளப்பயிற்சி கிடைக்காத ஊரில் இருப்பவருக்கும், பத்து நாளுக்கு மேல் தீவில் தங்கப்போகிறவருக்கும் நான் தீவிலேயே முழுப் பயிற்சி எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பத்து நாள் இருந்தால் நான் மேலே அடுக்கிய வாதத்தின் பெரும்பகுதி வலுவிழந்துவிடுகிறது. தளர்வு தானாகவே வந்துவிடுகிறது. முழுப் பயிற்சியை நான் நேரில் அனுபவித்ததில்லை. என்னோடு ஒரே படகில் இருந்தவர்கள் அதைச் செய்வதைப் பார்த்ததும் அவர்கள் சொல்லிக் கேட்டதும்தான் என் அறிவு. அவர்களில் சிலர் மிகத் தெளிவாகக் கற்றிருந்தார்கள். பத்து வயதிலிருந்தே சேர்க்கலாம் என்று விதி இருந்தாலும், சிறுவர்களுக்கு எந்த வழி ஏற்றது என்று சொல்லும் அனுபவமும் எனக்கு இல்லை.

எந்த வழியானாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காரியங்களை முடித்துவிடுவது நல்லது. ஒன்று, மருத்துவக் கேள்விப் படிவத்தை ஊரிலிருக்கும்போதே வாங்கிப் படிப்பது. ஆஸ்துமா, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை போன்றவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று குறித்தாலே மருத்துவரின் கையொப்பம் கேட்பார்கள். தீவில் போய் இறங்கியபின் மருத்துவரைத் தேடி அலைவது வீண் வேலை. மற்றொன்று, தீவு மையத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது: ஒரு செய்முறை அன்றைக்கு வராவிட்டால் என்ன செய்வீர்கள்? கூடுதல் நேரம் தருவோம், தேவைப்பட்டால் இன்னொரு நாள் எடுத்துக்கொள்வோம் என்று பதில் வந்தால் அந்த மையத்தை நம்பலாம். “அதெல்லாம் எல்லோருக்கும் வந்துவிடும்” என்று பதில் வந்தால், வேறு மையத்தைப் பாருங்கள்.